புட்டியின் மேல் யார் பெயர்? டென்னசி, கென்டக்கிப் பயணக் குறிப்புகள்

வியாழன், நாஷ்வில்

லூயிவில் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் சனிக்கிழமை மாலை நடைபெறவுள்ள கூடுகை ஒன்றுக்கு அழைத்திருக்கிறார். சுவர்களில் அந்நகரத்துக் கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள் இருக்கும். மேசையில் கறுப்பினத்தவர் தொடங்கி நடத்தும் நிறுவனங்களின் மதுவகைகள் இருக்கும். ஜூன் 19ஆம் நாளையொட்டி இதை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 1865இல் அந்த நாளில்தான் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வந்த அந்த நாள் 2021இல்தான் கூட்டரசின் விடுமுறை நாளாயிற்று. "நேராக இங்கே வந்துவிடாதீர்கள், டென்னசி வழியாக வாருங்கள், மேசையில் இருக்கப்போகும் புட்டிகளில் ஒன்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது" என்று நண்பர் சொன்னதால், அட்லாண்டாவிலிருந்து காரில் கிளம்பி நண்பகலுக்குள் நாஷ்வில் வந்து சேர்ந்தேன்.

இந்த ஊருக்கு வருபவர்கள் பெரும்பாலும் பிராட்வே தெருவின் இசைக்கூடங்களுக்குத்தான் போகிறார்கள். நான் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். விடுதலை பெற்ற மக்களின் கல்விக்காக 1866இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் சில ஆண்டுகளிலேயே பணமின்றித் தள்ளாடியபோது, அதன் மாணவர்கள் 1871இல் ஒரு பாடகர் குழுவாகப் புறப்பட்டு, தம் முன்னோர் வயல்களில் பாடிய பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடிப் பொருள் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் வளாகத்தின் உயர்ந்த இடத்தில் நிற்கிறது. கலையை விற்றுக் கட்டிய கட்டடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

நான் பார்க்க வந்தது கிராவத் மண்டபத்தின் சுவரோவியங்களை. ஆரன் டக்ளஸ் 1930இல் இவற்றைத் தீட்டியபோது இது நூலகமாக இருந்தது. இப்போது நிர்வாக அலுவலகம். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்க வயல்களுக்கும் அங்கிருந்து விடுதலைக்கும் நகரும் மனிதர்களை அவர் முகவிவரங்கள் இல்லாத நிழலுருக்களாக வரைந்திருக்கிறார். ஒளி வட்டம் வட்டமாக விரிந்து அவர்களை ஊடுருவிச் செல்கிறது. நிறங்கள் மிகவும் அடங்கியவை. கோப்புகளுடன் ஊழியர்கள் கடந்து போகும் கூடத்தில் இப்படிப்பட்ட ஓவியங்கள் இருப்பது முதலில் வியப்பாக இருந்தது, பிறகு சரியாகவே பட்டது. டக்ளஸ் பின்னர் இங்கேயே கலைத்துறையை உருவாக்கி, 1966இல் ஓய்வுபெறும்வரை கற்பித்தார்.

இதே பல்கலைக்கழகத்துக்கு ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1949இல் பெரும்பாலும் தம் கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸின் தொகுப்பைச் சேர்ந்த 101 படைப்புகளை வழங்கினார். பல்கலைக்கழகம் கடன் நெருக்கடியில் சிக்கியபோது, இவற்றை விற்கலாமா கூடாதா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. இறுதியில் 2012இல் ஆர்கன்சா மாநிலத்தின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்குப் பாதி உரிமையை 3 கோடி டாலருக்கு விட்டுக்கொடுத்தார்கள். தொகுப்பு இரண்டு ஆண்டுகள் அங்கே, இரண்டு ஆண்டுகள் இங்கே என்று மாறி மாறி இருக்கிறது. பொருள் தன் கையில் இருப்பதும், அதை விட்டுவிடாமல் காக்கும் வசதி இருப்பதும் வேறு வேறு என்பதை ஒரு பல்கலைக்கழகமே இப்படி அனுபவித்திருக்கிறது.

மாலையில் சீக்வுட் தோட்ட மாளிகையில் வில்லியம் எட்மண்ட்சனின் கற்சிற்பங்களைப் பார்த்தேன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். ரயில்வேயிலும் மருத்துவமனையிலும் கூலி வேலை செய்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் இறைவன் கட்டளையிட்டதாகச் சொல்லி உளி எடுத்தவர். இடித்த கட்டடங்களிலிருந்து கழித்த சுண்ணாம்புக் கற்களில் முதலில் தம் மக்களுக்குக் கல்லறைக் கற்களையும், பிறகு பறவைகளையும் ஆசிரியைகளையும் தேவதைகளையும் செதுக்கினார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1937இல் அவருடைய சிற்பங்களை மட்டும் கொண்டு ஒரு காட்சி நடத்தியது. அந்த அருங்காட்சியகத்தில் தனிக்காட்சி பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். தம் வீட்டு முற்றத்தில் அவர் சொற்ப விலைக்கு விற்ற படைப்புகளில் ஒன்றான 'குத்துச்சண்டை வீரர்' 2016இல் ஏலத்தில் 7,85,000 டாலருக்குப் போயிற்று. அவர் 1951இலேயே இறந்துவிட்டார். மவுண்ட் அராரத் இடுகாட்டில் அவரைப் புதைத்த இடத்தை இன்று அடையாளம் காட்ட முடியாது. ஊருக்கெல்லாம் கல்லறைக் கல் செதுக்கியவருக்கு ஒரு கல் இல்லை.

வெள்ளி, லிஞ்ச்பர்க், ஷெல்பிவில்

நாஷ்விலிலிருந்து தெற்கே ஒன்றரை மணிநேரம் ஓட்டினால் லிஞ்ச்பர்க் வந்துவிடுகிறது. சதுக்கம், நீதிமன்றக் கட்டடம், சில கடைகள், அவற்றை ஒட்டி உலகப் புகழ்பெற்ற ஜாக் டேனியல் வடிசாலை. இவ்வூர் அமைந்துள்ள மூர் மாவட்டம் மதுவிலக்கின் கீழ் இருந்து வருகிறது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் புன்னகையோடு படிப்பீர்கள். வடிசாலைக்குள் சுவைக்கலாம், அங்குள்ள கடையில் புட்டி வாங்கலாம். வெளியே உணவகங்களில் நெடுங்காலம் விஸ்கி கிடைத்ததில்லை.

ஜாக் டேனியல் சிறுவனாக இருந்தபோது, பாதிரியாராகவும் மளிகைக் கடைக்காரராகவும் சாராயம் காய்ச்சுபவராகவும் ஒருங்கே விளங்கிய டேன் கால் என்பவரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அவனுக்குத் தொழில் கற்பித்தவர் நேதன் 'நியரெஸ்ட்' கிரீன். அவர் அப்போது அடிமை. அவருக்கு உரிமை கொண்டாடியவர்கள் அவரை டேன் காலிடம் வாடகைக்கு விட்டிருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின், ஜாக் தொடங்கிய தொழிலில் அவரே முதல் தலைமை வடிப்பாளரானார். அவருடைய மகன்களும் பேரன்களும் தொடர்ந்து அங்கே வேலை செய்தார்கள். இன்றுவரை அக்குடும்பத்தினர் யாராவது அந்நிறுவனத்தில் இருந்து வந்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தி மறைந்து கிடந்ததாகச் சொல்வது முழு உண்மையன்று. 1967இல் வெளியான ஜாக்கின் வாழ்க்கை வரலாற்றிலேயே நியரெஸ்ட் பலமுறை வருகிறார், ஊர்க்காரர்களுக்குத் தெரியும், குடும்பத்தாருக்கு நன்றாகவே தெரியும். பார்வையாளர்களுக்குச் சொல்லப்பட்ட கதையில்தான் அவர் இல்லை. 2016இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் இதைப் பற்றி எழுதிய பிறகு, எழுத்தாளரும் தொழில்முனைவோருமான ஃபான் வீவர் என்ற பெண்மணி லிஞ்ச்பர்க் வந்து, ஆவணங்களையும் வழித்தோன்றல்களையும் தேடி, டேன் காலின் பண்ணையையே விலைக்கு வாங்கினார். 2017இல் ஜாக் டேனியல் நிறுவனம் தன் சுற்றுலாவில் நியரெஸ்டின் பெயரைச் சேர்த்தது. அதே ஆண்டு வீவரின் 'அங்கிள் நியரெஸ்ட்' விஸ்கி சந்தைக்கு வந்தது. இன்று எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அவருடைய பெயரைத் தயக்கமின்றி, முதல் சில நிமிடங்களிலேயே சொன்னார். இங்கே மாட்டியிருக்கும் பழைய புகைப்படம் ஒன்றில் வெள்ளைத் தொப்பியுடன் ஜாக் அமர்ந்திருக்க, அவருக்குப் பக்கத்தில், ஓரமாக அல்லாமல் நடுநாயகமாக, ஒரு கறுப்பினத்தவர் இருக்கிறார். அவர் நியரெஸ்டின் மகன் ஜார்ஜ் கிரீன் என்று கருதுகிறார்கள்.

வடிசாலையில் நான் அதிக நேரம் நின்றது கரிக்கூடத்தில்தான். சர்க்கரை மேப்பிள் மரச்சட்டங்களை அடுக்கி எரித்துக் கரியாக்கி, ஆளுயரத்தைவிட ஆழமான தொட்டிகளில் நிரப்புகிறார்கள். காய்ச்சி இறங்கிய தெளிந்த சாராயம் சுமார் 10 அடிக் கரியினூடே சொட்டுச் சொட்டாக இறங்கி, கரடுமுரடான வாடையை இழந்து, அதன் பிறகே ஓக் மரப் பீப்பாய்க்குப் போகிறது. இதுவே டென்னசி விஸ்கியைக் கென்டக்கியின் போர்பன் விஸ்கியிலிருந்து பிரிக்கும் படி. 2013இல் மாநிலச் சட்டமே இதைக் கட்டாயமாக்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் கரியைக் கொண்டு நீரையும் உணவையும் தூய்மைப்படுத்தும் பழக்கம் இருந்ததால், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழியே இந்த அறிவு வந்திருக்கலாம் என்று வரலாற்றாளர் சிலர் கருதுகிறார்கள். உறுதியான ஆவணம் இல்லாத இடத்தில் அவர்கள் 'கருதுகிறோம்' என்றே சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. நியரெஸ்ட் இம்முறையில் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

பிற்பகலில் அரைமணி நேரத் தொலைவிலுள்ள ஷெல்பிவில் சென்றேன். முன்பு குதிரைப் பண்ணையாக இருந்த பரந்த புல்வெளியில் நியரெஸ்ட் கிரீன் வடிசாலை 2019இல் திறக்கப்பட்டது. கலவை வல்லுநராகப் பொறுப்பேற்ற விக்டோரியா ஈடி பட்லர் நியரெஸ்டின் எள்ளுப் பேத்தி. காவல்துறை சார்ந்த பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற பிறகு இத்தொழிலுக்கு வந்தவர். இங்குள்ள மதுக்கூடத்தின் மேடை 518 அடி நீளம். வளைந்து வளைந்து போகும் அதைக் கின்னஸ் நிறுவனம் உலகிலேயே நீளமானதென்று பதிந்துள்ளது. எனக்கு அந்தப் பிரம்மாண்டத்தைவிட 1856 என்ற ஆண்டைத் தாங்கிய புட்டியின் 50 சதவீத ஆல்கஹால் கொண்ட விஸ்கியே மனத்தில் நின்றது. முதலில் கருப்பட்டி போன்ற இனிப்பு, பிறகு மிளகின் காரம், கடைசியில் நீண்ட நேரம் தங்கும் மரவாசனை.

ஆனால் இதை வெற்றிக்கதையாக மட்டும் எழுதிவிட முடியாது. 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடன் தொடர்பாகக் கடன் கொடுத்த நிறுவனம் 2025 ஜூலையில் வழக்குத் தொடர்ந்தது. அடுத்த மாதமே கூட்டரசு நீதிமன்றம் அங்கிள் நியரெஸ்டின் நிர்வாகத்தை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைத்தது. விஸ்கித் தொழிலில் இன்று போட்ட பணம் பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. அதுவரை கூலியும் வட்டியும் உறங்குவதில்லை. பாட்டன் காலத்துச் சொத்து உள்ளவர்களுக்கு அந்த இடைவெளியைக் கடப்பது எளிது. அது இல்லாதவர்கள் கடன் வாங்குகிறார்கள். தவறு யாருடையது என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதன்று.

சனி, லூயிவில்

காலையில் 65ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாலை நிகழ்ச்சி பழைய கிடங்கு ஒன்றில் நடந்தது. செங்கல் சுவர்கள், உயரமான கூரை, ஒரு மூலையில் பியானோவும் டிரம்சும் கொண்ட சிறு ஜாஸ் குழு. நூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பாட்டிமார் தேவாலயத்துக்குப் போவதுபோல் தொப்பி அணிந்து வந்திருந்தார்கள், இளைஞர்கள் ஆப்பிரிக்க அச்சுத் துணிகளில். நுழைவுச்சீட்டுடன் சிறு கண்ணாடிக் குவளை ஒன்று தந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் அதில் ஊற்றுவது ஒரு வாய் அளவுதான். பக்கத்திலேயே நீர்க் குடுவையும் வறுத்த கோழியும் சோள ரொட்டியும் இருந்தன. குடித்துக் களைப்பதற்கான இடமாக அது இல்லை. மக்கள் புட்டியின் பின்பக்க எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்கள்.

முதல் மேசையில் உள்ளூர்ச் சரக்கான பிரோ பிரதர்ஸ் போர்பன். இந்நகரின் மேற்குப் பகுதியில் வளர்ந்த யார்பரோ சகோதரர்கள் மூவர் தொடங்கியது. உலகப் போர்பனின் பெரும்பகுதியைக் காய்ச்சும் கென்டக்கி மாநிலத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வடிசாலை இதுதான், அதுவும் இந்த நூற்றாண்டின் இருபதுகளில்தான் வந்தது என்பதை மேசைக்காரர் சொன்னபோது பக்கத்தில் நின்றவர் தலையை ஆட்டிக்கொண்டே குவளையை நீட்டினார். அடுத்து மினியாபொலிசின் டு நோர் வடிசாலையின் புட்டி ஒன்று. கிறிஸ் மொன்டானாவும் அவர் மனைவியும் 2013இல் தொடங்கிய அந்த வடிசாலை, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்து 2020இல் நடந்த கலவரத்தில் தீக்கும் நீருக்கும் சேதமுற்றது. தங்களுக்கென்று வந்த நன்கொடையை அவர்கள் சுற்றியிருந்த சிறு வணிகர்களின் நிவாரணத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

கூட்டம் அதிகமாக இருந்தது சோரல் என்ற சிவப்பு மதுபானம் வைத்திருந்த மேசையில். ஜூன் 19 விருந்தில் சிவப்பு நிறப் பானம் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அதன் வேர் செம்பருத்தி இனத்துப் பூக்களின் சிவந்த புல்லி இதழ்களைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பழக்கத்தில் இருக்கிறது. அடிமைக் கப்பல்களோடு கரீபியன் தீவுகளுக்குப் போய், அங்கே கிறிஸ்துமஸ் பானமாயிற்று. பார்படோஸ் வழிவந்த ஜாக்கி சம்மர்ஸ் அதையே கெடாமல் புட்டியில் அடைக்கும் வழியைக் கண்டு 2012இல் நியூயார்க்கின் புரூக்ளினில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு வந்த சாண்டி புயல் அவருடைய தொழிற்கூடத்தை மூழ்கடித்தது. பின்னர் முதலீடு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் அலைந்து, 2021இல் மீண்டும் வெளியிட்டபோது கைகொடுத்தது நேற்று நான் எழுதிய அங்கிள் நியரெஸ்டின் முதலீட்டு நிதி. செம்பருத்தியோடு இஞ்சி, கிராம்பு, இலவங்கப்பட்டை, ஜாதிக்காய். குவளையை மூக்கருகே கொண்டுபோனதும் பிரியாணி தம் போட்ட பாத்திரத்தைத் திறந்த வாசனை. நாவில் புளிச்சகீரையின் புளிப்பு. அந்தப் பூ புளிச்சகீரைக்கு நெருங்கிய உறவு என்பதால் வியக்க ஒன்றுமில்லை. நண்பர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கலவை பானங்கள் செய்த பெரியவர் ஒருவர், புதினாவை நசுக்கிக்கொண்டே டாம் புல்லக்கின் கதையைச் சொன்னார். இந்நகரில் பிறந்து, இங்குள்ள பென்டென்னிஸ் மன்றத்தில் தொழில் பழகி, செயின்ட் லூயிஸ் சென்று அங்குள்ள செல்வந்தர் மன்றத்தில் புகழ்பெற்றவர் புல்லக். முன்னாள் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட், தம்மைக் குடிகாரர் என்று எழுதிய பத்திரிகை உரிமையாளர் மீது தொடுத்த அவதூறு வழக்கு 1913இல் விசாரணைக்கு வந்தது. புல்லக் வேலை செய்த மன்றத்தில் ஒரு குவளை ஜூலெப்பில் (போர்பனும் புதினாவும் சர்க்கரையும் கலந்த பானம்) சிறிதளவே அருந்தியதாக அவர் சாட்சியம் சொல்ல, புல்லக் கலந்து கொடுத்த ஜூலெப்பைப் பாதியில் வைத்துவிட யாரால் முடியும் என்று செயின்ட் லூயிஸ் பத்திரிகை ஒன்று தலையங்கத்தில் கேட்டது. ரூஸ்வெல்ட் வழக்கில் வென்றார். இழப்பீடு 6 சென்ட். புல்லக் 1917இல் கலவை பானங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அத்துறையில் நூல் எழுதிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். முன்னுரை தந்தவர் பின்னாளில் இரண்டு அதிபர்களைக் கண்ட புஷ் குடும்பத்தின் தாய்வழி முன்னோர். மூன்றே ஆண்டுகளில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்து அவர் தொழிலே இல்லாமற்போயிற்று. "அவர் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தவர்கள் பெயர்தான் பள்ளிக்கூடங்களுக்கு இருக்கிறது" என்றார் பெரியவர். ஜூலெப் மிக நன்றாக இருந்தது. நானும் பாதியில் வைக்கவில்லை.

சுவர்களைப் பார்க்கத் தொடங்கியபோது இருட்டிவிட்டது. இந்நகரம் கலைக்குப் புதியதன்று: ஓவியத் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கூரையிலிருந்து திரைச்சீலையாகத் தொங்கவிட்ட சாம் கில்லியம் இங்கே வளர்ந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே பயின்றவர். அவருடைய பாதிப்பு ஓரிரு இளைஞர்களின் வண்ணங்களில் தெரிந்தது. அவற்றைவிட எனக்குப் பிடித்தவை தையல் வேலைப்பாடுகள். பழைய வேலையுடுப்புகளின் நீலத் துணியையும் வடிசாலைச் சாக்குகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்த சிறு படைப்பு ஒன்றின் முன் நெடுநேரம் நின்றேன். விலைச்சீட்டில் 480 டாலர் என்று எழுதி, அதன் கீழேயே 'முழுத் தொகையும் கலைஞருக்கு' என்றும் எழுதியிருந்தது. வணிகக் கலைக்கூடங்கள் விற்பனையில் பாதியை எடுத்துக்கொள்வது இந்நாட்டில் வழக்கம் என்பதால் அந்த வரி விலையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஏற்பாட்டாளர் அம்மையார் நீண்ட உரை நிகழ்த்தவில்லை. எல்மர் லூசில் ஆலனைப் பற்றி மட்டும் பேசினார். 1931இல் இந்நகரில் பிறந்த அவர் வேதியியல் படித்து, ஜாக் டேனியலை 1956 முதல் தன் உடைமையாகக் கொண்டுள்ள பிரவுன்-ஃபோர்மன் நிறுவனத்தில் 1966இல் சேர்ந்தார். அங்கே வேலை பெற்ற முதல் கறுப்பின வேதியியலர். 1997இல் ஓய்வுபெற்றபின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, எழுபதைத் தொட்ட வயதில் மண்பாண்டக் கலையிலும் துணிக்கலையிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். தேநீர்ச் சாடிகளையும், முடிச்சிட்டுச் சாயமேற்றிய துணிகளையும் செய்தார். "இந்த அறையின் இரண்டு பக்கமும் அவருடையது" என்று அம்மையார் சொன்னபோது எழுந்த கைதட்டலில் ஜாஸ் குழு தன் பாட்டுக்கு அடுத்த பாடலைத் தொடங்கிவிட்டது.

கொண்டாட்ட மாலைகளைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. வருபவர்கள் கைதட்டிவிட்டுப் போய், ஆண்டின் மற்ற நாள்களில் வழக்கமான புட்டியையே வாங்குவார்கள். நண்பரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. 1933இல் மதுவிலக்கு நீங்கியதிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் காய்ச்சுபவர் நேரே கடைக்கு விற்க முடியாமல் இடையில் விநியோகஸ்தர் ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சிறிய நிறுவனத்தின் புட்டியைச் சுமக்க அவர் இணங்குவது கடைகளில் மக்கள் பெயர் சொல்லிக் கேட்டால்தான். "இன்றிரவு இத்தனை பேர் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறார்கள், திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேட்பார்கள், அவ்வளவுதான் கணக்கு" என்றார் அவர்.

ஞாயிறு, லூயிவில்

காலையில் கிடங்குக்குப் போய், தையல் படைப்பை வாங்கிக்கொண்டேன். அதைச் செய்த பெண்மணி காகிதத்தில் பொதிந்து தருவதற்கு முன் ஒரு படிவத்தை நீட்டினார். அமெரிக்கச் சட்டத்தில், ஒரு படைப்பு பின்னாளில் எத்தனை லட்சத்துக்குக் கைமாறினாலும் அதைச் செய்தவருக்குப் பங்கு கிடையாது. அதனால் 1971இல் சேத் சீகலாப் என்ற கலைக்காட்சி அமைப்பாளரும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்து, கலைஞர்கள் தாமே பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தம் ஒன்றை எழுதிப் பரப்பினார்கள்: வாங்கியவர் மறுபடி விற்றால், உயர்ந்த மதிப்பில் 15 சதவீதம் கலைஞருக்கு. அவர் நீட்டியது அந்த ஒப்பந்தத்தைச் சுருக்கித் தட்டச்சு செய்த ஒரு பக்கம்.

"பெரும்பாலோர் இதைப் பார்த்ததும் தயங்குவார்கள்" என்றார். எட்மண்ட்சனின் ஏல விலையைச் சொன்னேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்ததே அதைப் படித்த பிறகுதானாம். எப்போதாவது இதை விற்றால் அவருக்கோ அவருடைய பிள்ளைகளுக்கோ தகவல் தர வேண்டும் என்ற வரியை இருவரும் சேர்ந்து ஒருமுறை படித்தோம். இரண்டு படிகளிலும் கையெழுத்திட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினேன்.